விழத் தெரிந்த பொம்மை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆளைக் கூப்பிட்டால் தன் பெருமையைத்தான் அளப்பான் என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். பின் வரிசையில் இரண்டு பேர் இப்போதே போனை எடுத்துவிட்டீர்கள். பயம் வேண்டாம். என் பெருமையைச் சொல்லி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. நான் பேசப் போவது என் மண்டைக்கனத்தைப் பற்றி. அதில் சரக்கு ஏராளமாக இருக்கிறது.

பாலக்காட்டில் இந்த ஸ்டுடியோவில் நான் இருபத்தெட்டு வருஷம் செய்தது ஒரே வேலைதான். கம்ப்யூட்டர் பொம்மைகளை நடக்க வைப்பது. பழைய முறையில் பொம்மைக்குள் எலும்புகளைப் பூட்டி, இரண்டு அடி நடையை மட்டும் கையால் செய்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவோம். அந்த இரண்டு அடிக்கு மூன்று நாள் ஆகும். அதை மிச்சம் பிடிக்கத்தான் நான் ஒரு சாஃப்ட்வேர் கருவி எழுதினேன். அடி எவ்வளவு நீளம், முட்டி எவ்வளவு மடங்கும், இடுப்பு எவ்வளவு ஆடும், தலையில் எத்தனை கிலோ என்று எண்களைக் கொடுத்தால் போதும், பொம்மை தானே நடக்கும். மேடு வந்தால் ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும். உடம்பின் கனம் பாதத்தை விட்டு வெளியே போனால் தடுமாறி விழவும் விழும். யாரும் விழச் சொல்ல வேண்டியதில்லை. அதில்தான் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஸ்டுடியோவுக்கு யார் வந்தாலும் உட்கார வைத்து, ஒரு பொம்மையை விழ வைத்துக் காட்டித்தான் அனுப்புவேன். கரண்ட் பில் ரீடிங் எடுக்க வந்தவரையும் விட்டதில்லை.

அந்தக் கருவிக்கு அடிப்படை எண்கள் எங்கிருந்து வந்தன என்றால், என்னிடமிருந்துதான். ஸ்டுடியோ வராந்தாவில் போனை ஸ்டாண்டில் நிறுத்தி, முன்னும் பின்னும் நாற்பது தடவை நடந்து, அதை அளந்து எழுதினேன். வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நான் நன்றாக நடப்பதாக எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். எங்கள் பக்கம் ரோட்டில் மேடு என்று எதையாவது பார்த்தால் அது வேகத்தடையாகத்தான் இருக்கும். அந்தத் தரையில் நடந்து பழகிய காலை வைத்துக்கொண்டு உலகத்துக்கே நடை சொல்லிக் கொடுக்கக் கிளம்பினேன்.

எச்சரிக்கை வராமல் இல்லை. குழந்தைகளுக்கான தொடர் ஒன்றில் ராணி, திருடன், பூசாரி மூன்று பேரையும் அந்தக் கருவியால் நடக்க வைத்தோம். எங்கள் ஆபீசில் கணக்கு பார்த்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்த ராணியம்மா எதுக்குங்க உங்களாட்டவே நடக்கறாங்க?" என்று கேட்டார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்று முழுக்கச் சிரித்த முகமாகத் திரிந்தேன்.

இந்த லட்சணத்தில் இருந்தபோதுதான் பாதுகாப்பு ஆலோசகர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் விபத்து நடந்தால் அது எப்படி நடந்தது என்று ஆராய்ந்து நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதுவது அவர் தொழில். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே பேச்சியம்மாள் என்று ஒரு தொழிலாளி, ஐம்பதைத் தாண்டியவர், கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எடை போடும் இடத்துக்கு இறங்கும்போது விழுந்து வலது கால் முறிந்துவிட்டது. பாதையின் குறுக்கே மழைத்தண்ணீர் ஓடுகிற ஓடை. அதன் மேல் போட்டிருந்த சிலாப் உடைந்துதான் விழுந்தேன் என்பது அவர் பேச்சு. அவர் கவனமில்லாமல் வழுக்கி விழுந்தார், மூட்டையும் ஆளும் விழுந்த வேகத்தில்தான் சிலாப் உடைந்தது என்பது நிர்வாகத்தின் பேச்சு. எப்படி விழுந்திருப்பார் என்று படமாகச் செய்து காட்ட முடியுமா என்று ஆலோசகர் கேட்டார். என்னிடம் கேட்டால் முடியாது என்பேனா?

பாதையின் போட்டோக்கள், சரிவின் அளவு, மூட்டையின் எடை, அந்த அம்மாவின் உயரம், எடை எல்லாம் வந்தன. அவர் எப்படி நடப்பார் என்று யாரும் அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. நடைதான் என்னிடம் தயாராக இருக்கிறதே. எண்களைப் போட்டு ஓடவிட்டேன். பொம்மை மூட்டையோடு அழகாக இறங்கி வந்தது, சிலாபுக்கு இரண்டு அடி முன்னால் வலது குதிகால் வழுக்கி, இடது பக்கம் திரும்பி உருண்டது. பத்துத் தடவை ஓட்டினேன். பத்துத் தடவையும் அதே இடம். நான் கை தட்டினேன் என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் தட்டினேன். உடனே ஆலோசகருக்கு போன் போட்டு, நான் விழச் சொல்லவே இல்லை, தானாக விழுகிறது என்றேன். சிலாபுக்கு முன்னாலேயா என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நல்ல ரசிகர் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தை நீங்களே வந்து விளக்க வேண்டும் என்று விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். உடுமலை, மறையூர் வழியாக மூணாறு போய், அங்கிருந்து தோட்டத்து ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி எஸ்டேட் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன். விசாரணை நடத்த வெளியிலிருந்து ஒரு மலையாள வக்கீல் அம்மாவை வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு பேச்சியம்மாள். பக்கத்தில் அவருக்குத் துணையாக, விபத்து நடந்த அன்று பின்னாலேயே மூட்டையோடு வந்த ராஜாத்தி. ஆலோசகர் எனக்கு நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டார்.

இதில் பேச்சியம்மாளுக்கு எதெல்லாம் போய்விடும் என்பது எனக்கு அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலோடு அவர் இனிமேல் சரிவில் கொழுந்து எடுக்க முடியாது. தோட்டத்தின் குறையால் அடிபட்டது என்றால் உட்கார்ந்து செய்கிற இலகு வேலை கொடுத்தாக வேண்டும். அவருடைய கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் அது கிடையாது, வேலையை விட்டு நிற்க வேண்டியதுதான். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் இருந்த வீடு. அவருக்கு வேறு வீடு இல்லை. இதை வக்கீல் அம்மா முறைப்படி வாசித்தபோது நான் லேப்டாப்பில் ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

படத்தைப் போட்டேன். பொம்மை இறங்கியது, வழுக்கியது, விழுந்தது. அறையில் சத்தமே இல்லை. நல்ல படத்துக்கு வருகிற அமைதி என்று நான் நினைத்தேன்.

"இது யாரு சார் நடக்கது?" என்று பேச்சியம்மாள் கேட்டார்.

"நீங்கதானுங்கம்மா" என்றேன், ரொம்பப் பணிவாக.

"நானா? இந்தப் பொம்பள ஆபீசு வராந்தாவுல நடக்க மாதிரில்லா நடக்கா. நான் இப்பிடி நடந்திருந்தா வேலைக்குச் சேந்த வருசமே செத்திருப்பேன்."

ராஜாத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வராந்தா என்று பேச்சியம்மாள் சொன்னதும் எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? என் கருவியைக் குறை சொல்லிவிட்டார் என்ற கோபத்தில் அரை மணி நேரம் பேசினேன். கனத்தின் மையம் என்றேன், சரிவின் கோணம் என்றேன், போர்டில் படம் வரைந்தேன். முப்பத்து மூன்று வருஷம் அந்தச் சரிவில் இறங்கிய மனுஷிக்கு, எப்படி இறங்குவது என்று பாடம் எடுத்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்லது சரியா இருக்கும் சார். ஆனா எங்க நட வேற. மொதல்ல கால வப்போம். அது தாங்குதான்னு பாப்போம். பெறவுதான் ஆள வப்போம்."

என் பொம்மையில் கால் தரையைத் தொட்ட நிமிஷமே முழுக் கனமும் அதன் மேல் போய்விடும். சமதரையில் எல்லோரும் அப்படித்தான் நடக்கிறோம். அவர் சொன்னது ஒரே வாக்கியம். அதில் என் கருவியின் ஓட்டை முழுவதும் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்த வித்தியாசம் ஒரு நொடியில் பாதிகூட வராது, கணக்கில் சேராது என்றேன். வக்கீல் அம்மாவுக்கு நான் பேசுவதே போதும் போதும் என்றாகிவிட்டது போல. எல்லோரும் அந்தப் பாதையைப் போய்ப் பார்த்துவிடலாம் என்று எழுந்துவிட்டார்.

மழை விட்டிருந்தது. பாதை செம்மண்ணும் கல்லுமாக ஊறிக் கிடந்தது. ஓடை மேல் புது சிலாப் போட்டிருந்தார்கள். பேச்சியம்மாளை ஜீப்பில் கொண்டுவந்து மேலே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். ராஜாத்தி ஒரு முழு மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிக் காட்டினார். முட்டி எப்போதும் மடங்கியே இருந்தது. பாதம் சரிவுக்குக் குறுக்காகத் திரும்பி இருந்தது. கால் முன்னால் போய் மண்ணைத் தொடும், ஆள் இன்னும் பின் காலிலேயே இருப்பார், பிறகுதான் மொத்தமும் நகரும். மூட்டை அசையவே இல்லை. பின்னால் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

இதைப் பார்த்த பிறகாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தால் யார் என்ன செய்ய முடியும்! அவர் பழக்கத்தில் சமாளிக்கிறார், சாதாரண நடையிலும் இந்தப் பாதையில் இறங்கலாம், நானே காட்டுகிறேன் என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானேதான் முன்வந்தேன். ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். இரக்கப்பட்டு அரை மூட்டைதான் தலையில் வைத்தார்கள். பொம்மை தலையில் முழு மூட்டை வைத்தவன் நான்.

பத்து அடி நன்றாகத்தான் போனேன். வக்கீல் அம்மாவைத் திரும்பிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. அடுத்த அடியில் வலது குதிகால் வழுக்கியது. இடது கை காற்றில் போனது, உடம்பு இடது பக்கம் திரும்பியது, மூட்டை எனக்கு முன்னால் பறந்தது. கொழுந்தெல்லாம் பாதையில் சிதற, தேயிலைச் செடிக்குள் தலைகீழாகக் கிடந்தேன். சிலாப் எனக்கு இரண்டு அடி முன்னால் இருந்தது. பத்துத் தடவை ஓட்டிப் பார்த்த படம்தான், இந்தத் தடவை உள்ளேயிருந்து பார்த்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் அம்மாகூட அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேலே ஸ்டூலில் இருந்த பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, அடி ஏதும் பட்டுவிட்டதா என்று சத்தமாகக் கேட்டார். ஆலோசகர் ஓடி வந்து என்னைத் தூக்கி நிறுத்தி, சேற்றைத் தட்டிவிடுகிற சாக்கில் காதோடு சொன்னார்: நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள், சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லோருக்கும் அது டவுன்காரன் ஒருவன் வழுக்கி விழுந்த கூத்து, அவ்வளவுதான். பொம்மைக்குள் இருப்பது என் நடை என்று அந்த மலையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆபீசுக்குத் திரும்பி வந்ததும் நான் ஜீப்பிலேயே உட்கார்ந்து சட்டை மாற்றினேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். என் கருவியை வாங்கக் கோவையில் ஒரு கம்பெனி பேசிக்கொண்டிருந்தது. இந்த விசாரணைப் படத்தைத்தான் அவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவதாக இருந்தேன். அதனால் எனக்கு நானே என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். மண் இன்று அதிகம் ஈரம். பூட்ஸ் என் அளவு இல்லை. நான் வெறும் தொழில்நுட்ப ஆள், தீர்ப்பு சொல்வது அவர்கள் வேலை. கடைசியில் சொன்னதுதான் ரொம்ப வசதியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம் போகலாம் என்றும் சொல்லிவிட்டேன்.

டிரைவர் வண்டியைத் திருப்பினார். அப்போது ராஜாத்தி, பேச்சியம்மாளின் தோளைப் பிடித்து ஆபீஸ் படியில் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பேச்சியம்மாள் கட்டுப்போடாத காலை மேல் படியில் வைத்து, கொஞ்சம் நின்று, பிறகு ஏறினார். சிமெண்டுப் படி அது. அங்கேயும் அந்தக் கால், தாங்குமா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் ஏறியது. எனக்கு வெட்கமாக இருந்தது. விழுந்ததற்கு இல்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, விசாரணை அறையில் வக்கீல் அம்மாவிடம் போனேன்.

"மேடம், அந்தப் படத்துல விழறது அவங்க இல்லீங்க. நாந்தானுங்க" என்றேன்.

வராந்தாவில் நாற்பது தடவை நடந்த கதையைச் சொன்னேன். ராணியம்மா கதையையும் சொன்னேன். ஆலோசகர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. வக்கீல் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். இப்போது இந்த அம்மாவின் நடையைப் போட்டு ஓட்டினால் பொம்மை விழாதா?

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லேப்டாப் பையில்தான் இருந்தது. கனம் மாறுவதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, முட்டியை மடக்கி, அடியைக் குறைத்தால் பொம்மை சிலாப் வரைக்கும் ஜோராகப் போய் நிற்கும். பத்து நிமிஷ வேலை. எல்லோரும் என்னைக் கொண்டாடுவார்கள். உங்களிடம் மறைக்க மாட்டேன், விரல் துறுதுறுத்தது. ஆனால் காலையில் என் எண்ணைப் போட்டு அவரை விழ வைத்தேன், இப்போது அவரைப் பிடித்துப் போனதால் ஒரு எண்ணைப் போட்டு நிற்க வைக்கப் போகிறேன். இரண்டும் ஒரே வேலைதான்.

"எப்படி வேணும்னாலும் நடக்க வைப்பனுங்க. விழ வேணும்னா விழும், வேண்டாம்னா விழாதுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இதுக்குத் தெரியாதுங்க, எனக்கும் தெரியாதுங்க. இத வச்சு அவங்க குடியிருக்கற ஊட்ட முடிவு பண்ணாதீங்க."

அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார். அங்கே வாக்குமூலத்தை மொழி என்பார்கள். எனக்கு மலையாளம் வாசிக்க வரும், எழுதக் கை ஓடாது. தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வக்கீல் அம்மா படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ராஜாத்தியைக் கூப்பிட்டார். பின்னாலேயே வந்த ஆள், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த ஆள். கம்ப்யூட்டர் படம் வருகிறதே என்று அதுவரை அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சியம்மாள் சிலாபில் கால் வைத்தார், அது தாங்கியது, ஆளை வைத்தார், மூட்டையின் பாரத்தோடு நடுவில் விண்டுபோனது என்று ராஜாத்தி சொன்னார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. விரிசல் விட்டிருக்கிறது என்று போன மழைக்கே சூப்பர்வைசரிடம் சொன்னதாகவும் சொன்னார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவரும் ஆமாம் என்றார்.

கவனக்குறைவு இல்லை என்று எழுதினார்கள். பேச்சியம்மாளுக்குத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை கிடைத்தது. வீடும் கையை விட்டுப் போகவில்லை. கோவைக் கம்பெனி அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. ஆலோசகரும்தான்.

இத்தோடு முடித்தால் நான் நல்லவனாகத் தெரிவேன். உங்களைப் போலவே எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாலு மாசம் கழித்து, அந்த நடையை முறையாகப் படம் பிடித்து அளக்க அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பவும் போனேன். இரண்டு கிலோ நேந்திரங்காய் சிப்ஸும் வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா நன்றி சொல்லுவார், நான் ஐயோ அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று மறையூர் வளைவுகள் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

காப்பகத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். சிப்ஸை வாங்கிக் குழந்தைகளுக்குப் பங்கு வைத்தார். பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், மழைக்கு மட்டும் குத்துகிறது என்றார். நான் காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அன்னைக்கு நீங்க விழாம எறங்கியிருந்தீகன்னா, என்ன சார் சொல்லியிருப்பீக?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மறையூர் வளைவில் ஒத்திகை பார்த்தது எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. பொய் ஒன்று சொல்லலாமா என்று பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்து வாயில் வரவில்லை.

"எம்படந்தான் சரின்னு சொல்லியிருப்பனுங்க."

"அதான்" என்றார் பேச்சியம்மாள். உள்ளே ஒரு குழந்தை அழுதது. கம்பை ஊன்றி எழுந்து உள்ளே போனார்.